ரிச்சி தெருவில் வாங்கிய 18 தின் கிளையண்ட்: ஆர்டிபி செட்டிங் எங்கே தப்பு?

பாரிமுனை பையன் (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் சிஸ்டம் பார்த்துக்கொள்கிறேன். சர்வர், நெட்வொர்க், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். பழைய டெஸ்க்டாப்கள் தூசியிலும் சூட்டிலும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரே சர்வர் வாங்கி எல்லோரையும் அதில் வேலை செய்ய வைக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். அதனால் இது சரியாக ஓட வேண்டும் என்பதில் எனக்கு மற்ற யாரையும்விட அக்கறை அதிகம்.

ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் தின் கிளையண்ட் 18 எடுத்தோம் (வேலையெல்லாம் சர்வரில் நடக்கும், திரை மட்டும் ஆர்டிபி என்ற ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு வழியாக இந்தச் சின்னப் பெட்டிக்கு வரும்). 9 எச்பி தின்ப்ரோ, 6 டெல் வைஸ் தின்ஓஎஸ், 3 விண்டோஸ் எம்பெடட் ஸ்டாண்டர்ட் 7. சர்வர் விண்டோஸ் 2022, 64 ஜிபி ராம், டொமைன் (எல்லா லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஏற்பாடு) உண்டு. பெர் டிவைஸ் கால் (பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கில் சர்வரில் சேர லைசென்ஸ்) 20 வாங்கியிருக்கிறோம்.

மூன்று மாதம் ஆகிறது. இப்போது உள்ள தொல்லைகள் இவை.

எச்பி ஒன்பதில் ஐந்து, காலையில் ஆன் செய்தால் சர்ட்டிபிகேட் சரியில்லை என்று சொல்லிக் கனெக்ட் ஆக மறுக்கிறது. மற்ற நான்கும் அதே மாடல்தான், அவை ஒழுங்காகப் போகின்றன.

முன் கவுண்டரில் உள்ள மூன்று மேசையிலும் செஷன் (சர்வரில் அவரவருக்கு ஓடும் டெஸ்க்டாப்) சும்மா சும்மா அறுந்து லாகின் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் வேலை செய்ய முடியவில்லை.

எம்பெடட் மூன்றும் போன மாதம் வரை ஓடின. இப்போது அடியோடு கனெக்ட் ஆகவில்லை. யூடியூபில் பார்த்து சர்வரில் என்எல்ஏ என்ற பாதுகாப்பு செட்டிங்கை எடுத்துவிட்டேன். பயனில்லை.

டாட் மேட்ரிக்ஸில் ஒரு பில் எடுக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது. டெஸ்க்டாப் இருந்த காலத்தில் பத்து வினாடியில் வரும். அப்புறம், தமிழ்க் கடிதம் அடிக்கும் அம்மாவுக்கு ஒவ்வொரு லாகினிலும் கீபோர்டு இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறது.

அண்ணா நகர் வீட்டிலிருந்து முதலாளி பார்ப்பதற்காக ரூட்டரில் ஆர்டிபிக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டிருக்கிறேன். அது மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்கள்.

---

நீலாங்கரை நிலா (திங்கள், இரவு 9.52)

அந்தக் கடைசி வரியிலிருந்து ஆரம்பியுங்கள். இன்று ராத்திரியே. மற்றதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம்.

3389-ஐ இணையத்தைப் பார்க்கத் திறந்து வைப்பது, கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரி. உலகம் முழுக்க அந்தப் போர்ட்டைத் தேடி ஸ்கேன் செய்துகொண்டே இருக்கும் இயந்திரங்கள் உண்டு. என்எல்ஏவையும் எடுத்துவிட்டேன் என்கிறீர்கள். என்எல்ஏ இருந்தால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சரியான பிறகுதான் சர்வர் செஷனையே எழுப்பும். அது இல்லையென்றால் முன்பின் தெரியாதவனுக்கும் லாகின் திரை வரை வழி கிடைக்கும். 2019 மே மாதம் வெளியான புளூகீப் ஓட்டை (சிவிஇ-2019-0708) இந்த வழியாகத்தான் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போக விட்டது. அது விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 காலத்து ஓட்டை, உங்கள் 2022-ஐத் தொடாது. ஆனால் கதவைத் திறந்து வைத்தால் அடுத்த ஓட்டைக்கு முதல் ஆள் நீங்கள்தான்.

ரூட்டரில் அந்த ஃபார்வர்டிங்கை நீக்குங்கள். என்எல்ஏவைத் திரும்பப் போடுங்கள். பிறகு சர்வரில் ஈவென்ட் வியூவர், செக்யூரிட்டி லாக், ஈவென்ட் எண் 4625 என்று வடிகட்டிப் பாருங்கள். தோற்றுப்போன லாகின் முயற்சிகள் அதில் இருக்கும். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

---

குரோம்பேட்டை லேப் (திங்கள், இரவு 10.05)

போர்ட் எண்ணை மட்டும் 3390 என்று மாற்றினால் போதாதா? எங்கள் கல்லூரியில் முன்பு அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

---

நீலாங்கரை நிலா (திங்கள், இரவு 10.09)

போதாது. ஸ்கேன் செய்பவர்கள் எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்ப்பார்கள். ஆர்டிபி பதில் சொல்லும் விதத்தை வைத்தே அது ஆர்டிபி என்று தெரிந்துவிடும். லாகில் சத்தம் கொஞ்சம் குறையும், பாதுகாப்பு கூடாது.

---

பாரிமுனை பையன் (திங்கள், இரவு 11.20)

மேடம், ஃபார்வர்டிங்கை எடுத்துவிட்டேன். என்எல்ஏவும் போட்டாயிற்று. 4625 பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பக்கம் பக்கமாகப் போகிறது. அட்மின், டெஸ்ட், ஸ்கேன், பேக்கப் என்று எங்களிடம் இல்லாத பெயர்களெல்லாம் இருக்கின்றன. நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து. மூன்று மாதமாக இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். வெளியிலிருந்து யாராவது உள்ளே வந்துவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

நீலாங்கரை நிலா (திங்கள், இரவு 11.41)

4624 என்பது வெற்றி பெற்ற லாகின். அதில் லாகான் டைப் 10, டைப் 3 இரண்டையும் எடுத்து, ஐபி முகவரி அலுவலகத்துக்கு வெளியே இருப்பவற்றை மட்டும் பிரியுங்கள். முதலாளி வீட்டு இணைப்பைத் தவிர வேறு ஒன்று தெரிந்தாலும் சர்வரை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அப்படி ஏதாவது நடந்திருந்தால், செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவின்படி தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாகை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். சின்ன அலுவலகம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை இப்போதே மாற்றுங்கள். அக்கவுண்ட் லாக்அவுட் பாலிசி போடுங்கள். முதலாளிக்கு வேறு வழி செய்யலாம், நாளை எழுதுகிறேன்.

---

பாரிமுனை பையன் (செவ்வாய், அதிகாலை 1.15)

பார்த்து முடித்தேன். வெளியிலிருந்து வந்தது ஒரே இணைப்புதான், அது முதலாளியுடையது. நேரமும் தேதியும் அவரிடம் சொல்லி ஒத்துப் பார்த்துவிட்டேன். தூங்கப் போகிறேன். மிக்க நன்றி மேடம்.

---

கொரட்டூர்க்காரன் (செவ்வாய், காலை 7.30)

தம்பி, நிலா சொன்னது முதல் வேலை, அதைச் செய்துவிட்டீர்கள், நல்லது. இனி மற்றவற்றுக்கு வருவோம். நான் 2003-லிருந்து தின் கிளையண்டுடன் இருக்கிறேன். டெர்மினல் சர்வர் என்று சொன்ன காலம் அது. இந்தத் தொழிலில் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த செட்டிங் எந்தப் பக்கம் குடியிருக்கிறது? சர்வர் பக்கமா, மேசைப் பக்கமா? நீங்கள் எழுதிய ஐந்து தொல்லையிலும் இரண்டோ மூன்றோதான் மேசைப் பக்கம். மற்றதெல்லாம் சர்வர் பக்கம். நீங்கள் 18 மேசையிலும் போய் மாற்றிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

கவுண்டர் விஷயம். மூன்று மேசைக்கும் ஒரே பயனர் பெயரா கொடுத்திருக்கிறீர்கள்?

---

பாரிமுனை பையன் (செவ்வாய், காலை 8.10)

ஆமாம் சார். "கவுண்டர்" என்று ஒரே லாகின். யார் வந்து உட்கார்ந்தாலும் வேலை செய்யட்டும் என்று.

---

கொரட்டூர்க்காரன் (செவ்வாய், காலை 8.26)

அதுதான். சர்வரில் ஈவென்ட் வியூவருக்குப் போங்கள். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், அதற்குள் டெர்மினல்சர்வீசஸ்-லோக்கல்செஷன்மேனேஜர், ஆபரேஷனல். அதில் 21 என்றால் லாகின், 24 என்றால் துண்டிப்பு, 25 என்றால் மறுபடி சேர்ந்தது. 40 என்று ஒன்று வரும், அதில் காரண எண் இருக்கும். காரணம் 5 என்றிருந்தால், இதே செஷனை வேறு இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

விண்டோஸ் சர்வரில் ஒரு பயனருக்கு ஒரு செஷன் என்பதுதான் வழக்கமான அமைப்பு. முதல் மேசையில் "கவுண்டர்" உள்ளே வருகிறது. இரண்டாவது மேசை அதே பெயரில் வந்ததும் சர்வர் அதே செஷனை அங்கே தூக்கிக் கொடுத்துவிடுகிறது. முதல் மேசை அறுந்துபோகிறது. தின்ப்ரோவில் ஆட்டோ ரீகனெக்ட் போட்டு வைத்திருப்பீர்கள், அதனால் முதல் மேசை தானாகத் திரும்பக் கனெக்ட் ஆகி இரண்டாவதை வெளியே தள்ளும். மூன்று மேசையும் நாள் முழுக்க மியூசிக்கல் சேர் ஆடும்.

பரிகாரம், மூன்று பேருக்கும் தனித்தனிப் பெயர். குரூப் பாலிசியில் அந்த ஒரு-செஷன் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம் என்று யாராவது இங்கே சொல்லுவார்கள். செய்யாதீர்கள். பிறகு மின்சாரம் போய் வந்தால் யாருடைய பாதி வேலை எந்த செஷனில் நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கும். ஒரே பெயரில் மூன்று பேர் வேலை செய்தால் தப்பு நடந்த அன்று யார் செய்தது என்றும் தெரியாது. உங்கள் தொழிலில் ஷிப்பிங் பில்லில் ஒரு எண் மாறினாலே எவ்வளவு பெரிய விவகாரம்!

---

ரிச்சி தெரு ரசிகன் (செவ்வாய், காலை 9.50)

அந்த ஐந்து எச்பிக்கு நான் பதில் சொல்கிறேன். ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவீர்களா? காலையில் தின்ப்ரோவில் தேதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

செகண்ட் ஹேண்டாக வரும் இந்தப் பெட்டிகள் கிடங்கில் வருஷக்கணக்கில் கிடந்தவை. உள்ளே காசு வடிவத்தில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது செத்திருந்தால், கரண்ட் எடுத்தவுடன் கடிகாரம் பின்னால் எங்கோ போய்விடும். சர்வரின் சர்ட்டிபிகேட்டுக்கு ஆரம்பத் தேதி ஒன்று உண்டு. பெட்டி இப்போது 2011 என்று நம்பிக்கொண்டிருந்தால், அந்தச் சர்ட்டிபிகேட் இன்னும் பிறக்கவே இல்லை என்றுதான் அது சொல்லும். டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸும் 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது.

மூடியைக் கழற்றினால் பேட்டரி கண்ணுக்கு நேராகத் தெரியும். நகத்தால் பழையதைத் தூக்கும்போது அதைப் பிடித்திருக்கும் தகடு வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் பக்கம் மேலே இருக்க வேண்டும். வாய்ப்பு இருந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், 3 வோல்ட் இருக்க வேண்டும், 2.5-க்குக் கீழே போயிருந்தால் தூக்கிப் போடுங்கள். ஐந்து மட்டும் வாங்காதீர்கள், ஒன்பதுக்கும் மாற்றுங்கள். மற்ற நான்கும் அடுத்த மழைக்காலத்துக்குள் இதே பாட்டைப் பாடும்.

---

கொரட்டூர்க்காரன் (செவ்வாய், காலை 10.15)

ரசிகன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கூடவே தின்ப்ரோவில் டைம் சர்வராக உங்கள் டொமைன் கண்ட்ரோலரைக் கொடுங்கள், நேர மண்டலம் கொல்கத்தா. டொமைன் கண்ட்ரோலர் வெளியே தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் டைம் சர்வரிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளட்டும். அப்போது பேட்டரி போனாலும் ஆன் ஆன சில வினாடியில் தேதி சரியாகிவிடும்.

தயவுசெய்து "சர்ட்டிபிகேட் எச்சரிக்கையைப் புறக்கணி" என்ற டிக்கைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். எந்த இயந்திரத்தோடு பேசுகிறோம் என்பதற்கு இருக்கும் ஒரே அடையாளம் அந்தச் சர்ட்டிபிகேட்தான். சர்வர் தானே போட்டுக்கொள்ளும் சர்ட்டிபிகேட்டுக்கு ஆயுள் ஆறு மாதம்தான், பிறகு புதிதாகப் போட்டுக்கொள்ளும், மறுபடி 18 மேசையிலும் எச்சரிக்கை வரும். டொமைன் இருப்பதால் உள்ளுக்குள் ஒரு சிஏ (சர்ட்டிபிகேட் வழங்கும் சேவை) வைத்து, அதிலிருந்து சர்வருக்கு ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டு, சிஏவின் ரூட் சர்ட்டிபிகேட்டை எல்லாத் தின் கிளையண்டிலும் ஏற்றிவிடுங்கள். கனெக்‌ஷனில் ஐபி போடாமல் சர்வரின் முழுப் பெயரைப் போடுங்கள். பெயரும் சர்ட்டிபிகேட்டும் ஒத்துப்போனால்தான் அது வாய் மூடும்.

---

பாரிமுனை பையன் (செவ்வாய், பகல் 2.30)

சார், காரணம் 5 வரிசையாக நிற்கிறது, ஒரே காலையில் 112 தடவை. மூன்று பேருக்கும் தனி லாகின் கொடுத்து இரண்டு மணி நேரம் ஆகிறது, ஒருமுறைகூட அறுபடவில்லை. கவுண்டரில் இருக்கும் அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் அவர் அடித்ததையே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்.

ஐந்து எச்பியிலும் தேதி 2011 ஜனவரி 1. ரசிகன் அண்ணா பார்க்காமலே வருஷத்தைக்கூடச் சொல்லிவிட்டார்.

எம்பெடட் மூன்று பற்றிச் சொல்லுங்கள். அப்டேட் ஏற்றிப் பார்த்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் ஏற்றியதே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது.

---

கிண்டி கிளையண்ட் (செவ்வாய், மாலை 4.05)

போன மாதம் சர்வரில் எதையாவது மாற்றினீர்களா?

---

பாரிமுனை பையன் (செவ்வாய், மாலை 4.20)

ஆமாம், தணிக்கைக்கு வந்தவர் சொன்னார் என்று டிஎல்எஸ் (இணைப்பில் போவதை மறைகுறியாக்கும் முறை) பழைய பதிப்புகள் 1.0, 1.1 இரண்டையும் அணைத்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

---

கிண்டி கிளையண்ட் (செவ்வாய், மாலை 5.00)

முழுச் சம்பந்தமும் அதுதான். எம்பெடட் ஸ்டாண்டர்ட் 7 என்பது உள்ளே விண்டோஸ் 7. அதன் ஆர்டிபி பழைய நிலையில் டிஎல்எஸ் 1.0 மட்டும்தான் பேசும். 1.1, 1.2 பேச வைக்க கேபி3080079 என்று ஒரு அப்டேட் வந்தது. நீங்கள் கதவை மாற்றிவிட்டீர்கள், அவற்றிடம் பழைய சாவிதான் இருக்கிறது. என்எல்ஏவை எடுத்ததால் பயனில்லாமல் போனதும் இதனால்தான். என்எல்ஏவுக்கு முன்னாலேயே டிஎல்எஸ்ஸில் பேச்சு முறிந்துவிடுகிறது.

அப்டேட் மறைந்துபோவதற்குக் காரணம் ரைட் ஃபில்டர். தின் கிளையண்டில் ஃபிளாஷ் நினைவகத்தைக் காப்பாற்ற, எழுதுவதையெல்லாம் ராமில் எழுதி வைத்து ரீஸ்டார்ட்டில் துடைத்துவிடும் ஏற்பாடு அது. எம்பெடட் 7-ல் இடபிள்யூஎஃப் அல்லது எஃப்பிடபிள்யூஎஃப், விண்டோஸ் 10 ஐஓடியில் யூடபிள்யூஎஃப். முதலில் ஃபில்டரை அணைத்து ரீஸ்டார்ட், பிறகு மாற்றம், பிறகு ஃபில்டரைப் போட்டு மறுபடி ரீஸ்டார்ட். இந்த வரிசை தப்பினால் செய்த வேலை அத்தனையும் போய்விடும்.

இதோடு இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் வாங்கியது பெர் டிவைஸ் கால். விண்டோஸ் கிளையண்ட் தனக்குக் கிடைத்த லைசென்ஸை ரிஜிஸ்ட்ரியில் எம்எஸ்லைசென்சிங் என்ற இடத்தில் வைத்துக்கொள்ளும். ரைட் ஃபில்டர் அதையும் துடைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் புதுப் பெட்டி மாதிரி வந்து லைசென்ஸ் கேட்கும். ஃபில்டரில் இதற்கென்றே டிஎஸ்கால் விதிவிலக்கு ஒன்று உண்டு. சர்வரில் ஆர்டி லைசென்சிங் மேனேஜரைத் திறந்து 20-ல் எத்தனை போயிருக்கிறது என்று பாருங்கள்.

---

பாரிமுனை பையன் (செவ்வாய், மாலை 5.40)

20-ம் தீர்ந்திருக்கிறது! ஒரே எம்பெடட் பெட்டியின் பெயர் மூன்று தடவை இருக்கிறது.

---

கிண்டி கிளையண்ட் (செவ்வாய், மாலை 5.58)

பதற வேண்டாம். பெர் டிவைஸ் லைசென்ஸில் 20 சதவீதம் வரை ரிவோக் செய்து திரும்ப எடுக்கலாம், உங்களுக்கு அது 4. கூடுதலாகப் போனவற்றை எடுங்கள். எடுக்காமல் விட்டாலும் அந்த லைசென்ஸ் 52 முதல் 89 நாளுக்குள் காலாவதியாகி, புதுப்பிக்கப்படாவிட்டால் தானாகத் திரும்பி வந்துவிடும்.

அந்த மூன்றையும் என்ன செய்வது? எம்பெடட் ஸ்டாண்டர்ட் 7-க்கான ஆதரவு 2020 அக்டோபர் 13-ல் முடிந்துவிட்டது. அதற்கு அப்டேட் தேடி ஏற்றுவதைவிட, துடைத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டு அதில் ஃப்ரீஆர்டிபி என்ற இலவச ஆர்டிபி மென்பொருளை வைத்துவிடுங்கள். 16 ஜிபி ஃபிளாஷ் இருந்தால் தாராளம். ஆன் ஆனதும் நேராக லாகின் திரை வரும்படி செய்யலாம்.

---

குரோம்பேட்டை லேப் (செவ்வாய், இரவு 7.15)

டிஎல்எஸ் 1.0-ஐ மறுபடி போட்டுவிட்டு அந்த மூன்றையும் மட்டும் தனி விலேனில் (பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) வைத்துக்கொள்ளலாமே. நல்ல பெட்டியை ஏன் பிரித்துப் போட வேண்டும்?

---

நீலாங்கரை நிலா (செவ்வாய், இரவு 7.33)

டிஎல்எஸ் என்பது சர்வரில் ஒரே செட்டிங். மூன்று பெட்டிக்காகத் திறந்தால் பதினெட்டுக்கும் திறந்ததுதான். விலேன் அதைத் தடுக்காது. இந்த விஷயத்தில் கிண்டி சொல்வதுதான் சரி.

பையன், முதலாளிக்கு இரண்டு வழி. ஆர்டி கேட்வே போட்டால் வெளியில் 443 மட்டும் திறந்திருக்கும், ஆர்டிபி முழுக்க அதற்குள் போகும். இல்லையென்றால் ஃபயர்வாலில் விபிஎன் (வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே பூட்டிய தனி வழி). ஒரே ஒரு ஆளுக்கு விபிஎன் போதும், ஆனால் போனில் ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். விபிஎன் வழியாக வரும்போது திரை நடுநடுவே உறைந்து நின்றால் யூடிபியை (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் வேகமாக அனுப்பும் முறை) சந்தேகப்படுங்கள். ஆர்டிபி 8-லிருந்து டிசிபியோடு யூடிபி 3389-லும் போகும். விபிஎன்னில் பாக்கெட் உடையும்போது அது தடுமாறும். முதலாளியின் லேப்டாப்பில் "டர்ன் ஆஃப் யூடிபி ஆன் கிளையண்ட்" பாலிசியைப் போட்டால் நின்றுவிடும்.

---

எழுத்தாணி (செவ்வாய், இரவு 9.10)

நான் மயிலாப்பூரில் தமிழ்த் தட்டச்சும் டிடிபியும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கடிதம் அடிக்கும் அம்மாவைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

அவர் தமிழ்99 பலகையில் அடிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற பலகை அது. விரல் பழகியவர்களுக்கு வேறு எதிலும் வேகம் வராது. கீபோர்டு ஒவ்வொரு முறையும் மாறுவது அவருக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தின் கிளையண்டில் தமிழ்ப் பலகையைப் போட வேண்டாம். அது இங்கிலீஷ் யுஎஸ் என்றே இருக்கட்டும். எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும்தான் அது சர்வருக்கு அனுப்புகிறது. அதை அ என்றோ க என்றோ ஆக்குவது சர்வர். ஆனால் லாகின் ஆகும்போது "என் பலகை இங்கிலீஷ்" என்று கிளையண்ட் சொல்லி அனுப்பும், சர்வர் அதைக் கேட்டுக்கொண்டு மாற்றிவிடும். அதைக் கேட்காதே என்று சர்வருக்குச் சொல்ல ஒரு ரிஜிஸ்ட்ரி மதிப்பு உண்டு. எச்கேஎல்எம், சிஸ்டம், கரன்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், கீபோர்டு லேஅவுட். அதற்குள் இக்னோர்ரிமோட்கீபோர்டுலேஅவுட் என்று இடைவெளி இல்லாமல் ஒரு டிவேர்டு, மதிப்பு 1. பிறகு அந்த அம்மாவின் லாகினில் தமிழ்99-ஐச் சேர்த்துவிடுங்கள்.

எழுத்துருவும் சர்வரில்தான் ஏற்ற வேண்டும். வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் இருந்தால் அவற்றை எல்லாப் பயனருக்குமாக நிறுவுங்கள். மேசைப் பெட்டியில் எந்த எழுத்துரு இருந்தாலும் ஆர்டிபிக்கு அது கணக்கில்லை.

கடைசியாக, ஒரு விஷயத்தை உற்றுப் பாருங்கள். வேகத்துக்காக 16 பிட் நிறம் வைத்து ஃபான்ட் ஸ்மூத்திங்கை (எழுத்தின் ஓரத்தை மென்மையாக்குவது) எடுத்திருக்கிறீர்களா? இங்கிலீஷில் வித்தியாசம் தெரியாது. தமிழில் 10 புள்ளி அளவில் மெய்யெழுத்தின் புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். க எது, க் எது என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். ன, ண, ள எல்லாம் பிசிறும். நாள் முழுக்க அதைப் பார்ப்பவருக்குச் சாயங்காலம் தலைவலிதான் மிஞ்சும். லானில் இருக்கும்போது 32 பிட்டும் ஃபான்ட் ஸ்மூத்திங்கும் தாராளமாக வைக்கலாம். வால்பேப்பர், மெனு அனிமேஷன் இரண்டையும் வேண்டுமானால் எடுங்கள்.

---

பாரிமுனை பையன் (புதன், காலை 10.40)

அம்மா, நீங்கள் சொன்னது அப்படியே. ஃபான்ட் ஸ்மூத்திங்கை நான்தான் எல்லா மேசையிலும் எடுத்திருந்தேன். போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கண்ணாடி மாத்தணும்னு டாக்டர்கிட்ட போகலாம்னு இருந்தேன்பா" என்றார். கீபோர்டும் இப்போது மாறவில்லை.

---

கொரட்டூர்க்காரன் (புதன், பகல் 12.20)

பிரிண்டர் மட்டும் பாக்கி. டாட் மேட்ரிக்ஸ் எந்தப் பெட்டியில் மாட்டியிருக்கிறது?

---

பாரிமுனை பையன் (புதன், பகல் 12.31)

ஒரு எச்பியில் சார். யுஎஸ்பி. ஆர்டிபியின் பிரிண்டர் ரீடைரக்‌ஷன் வழியாகப் போகிறது.

---

கொரட்டூர்க்காரன் (புதன், பகல் 1.05)

பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேளுங்கள். எழுத்தாக அச்சாகும்போது ஒரு வரியை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டுத் தாள் மேலே ஏறும். படமாக அச்சாகும்போது அதே வரியின் மேல் தலை இரண்டு மூன்று தடவை போய் வரும், தாள் துளித்துளியாக நகரும். உங்களுக்கு இரண்டாவது சத்தம்தான் கேட்கும். ரீடைரக்‌ஷன் வழியில் பில் முழுக்க ஒரு படமாகத்தான் போகிறது, ஊசி அதைப் புள்ளி புள்ளியாக வரைகிறது. மூன்று காப்பி கார்பன் தாளில் கடைசிக் காப்பி மங்கலாக வருவதும் இதனால்தான் இருக்கும்.

பிரிண்டரை ஒரு வைஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். தின்ஓஎஸ்ஸில் பிரிண்டர் செட்டப்பில் எல்பிடி சேவை (நெட்வொர்க் வழியாக அச்சு வேலையை வாங்கிக்கொள்வது) என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்து ஒரு பெயர் கொடுங்கள். அந்தப் பெட்டிக்கு டிஹெச்சிபியில் (பெட்டிகளுக்கு ஐபி கொடுக்கும் சேவை) ஐபியை ரிசர்வ் செய்யுங்கள், நாளை மாறிவிட்டால் பில் வராது. சர்வரில் ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட் உருவாக்கி, எல்பிஆர் தேர்ந்தெடுத்து, க்யூ பெயராக அதே பெயரைக் கொடுங்கள். டிரைவர் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி. உங்கள் பில் மென்பொருளில் டெக்ஸ்ட் மோட் அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பில்லின் அடியில் தமிழில் ஏதாவது வரி இருந்தால் இந்த வழியில் அது கேள்விக்குறியாக வரும். அந்த வரியைத் தாளிலேயே முன்கூட்டி அச்சடித்துக்கொள்ளுங்கள்.

வைஸ் ஆறுக்கும் இனி கையால் எதையும் மாற்ற வேண்டாம். தின்ஓஎஸ் 8 என்றால் டபிள்யூஎன்ஓஎஸ் டாட் ஐஎன்ஐ என்று ஒரே ஃபைல், டிஹெச்சிபி ஆப்ஷன் 161-ல் ஃபைல் சர்வர், 162-ல் பாதை. பெட்டி ஆன் ஆகும்போது தானே எடுத்துக்கொள்ளும். தின்ப்ரோவுக்கு ப்ரொஃபைல் எடிட்டரில் ஒன்று செய்து, ஒன்பதுக்கும் அதையே அனுப்பலாம்.

இன்னும் இரண்டு. மேசையில் இருப்பவர்கள் லாகாஃப் செய்யாமல் பவர் பட்டனை அமுக்கிவிட்டுப் போவார்கள், செஷன் சர்வரில் உயிரோடு கிடந்து ராமைத் தின்னும். குரூப் பாலிசியில் செஷன் டைம் லிமிட்ஸ், துண்டிக்கப்பட்ட செஷனுக்கு 3 மணி நேரம் என்று வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போனவரின் வேலை பிழைக்கும், ராத்திரி எல்லாம் சுத்தமாகிவிடும். இரண்டாவது, சர்வருக்கு யுபிஎஸ் போட்டிருப்பீர்கள், நெட்வொர்க் ஸ்விட்சுக்குப் போட்டீர்களா?

---

ரிச்சி தெரு ரசிகன் (புதன், பகல் 1.22)

சர்வர் எந்த மாடியில் இருக்கிறது என்றும் கேளுங்கள் சார். 2015 டிசம்பருக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாமுக்கும் பிறகு என்னிடம் வந்த சர்வர்கள் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும். பிரித்தால் உள்ளே சேறு. பதினெட்டுப் பேரின் வேலை ஒரே பெட்டியில் இருக்கும்போது அது தரைத்தளத்தில் இருக்கவே கூடாது.

---

பாரிமுனை பையன் (வியாழன், இரவு 8.15)

சர்வர் முதல் மாடியில்தான் அண்ணா. பேக்கப் டிஸ்க்தான் தரைத்தளத்தில் கேஷியர் அலமாரியில் இருந்தது, இன்று மேலே கொண்டுவந்துவிட்டேன். ஸ்விட்ச் யுபிஎஸ்ஸில் இல்லை சார். இன்று கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் எல்லோர் திரையும் ஒரே நேரத்தில் அறுந்தது, அப்போதுதான் நீங்கள் கேட்டது உறைத்தது. இப்போது மாற்றிவிட்டேன்.

ஒன்பது எச்பிக்கும் பேட்டரி மாற்றியாயிற்று. டைம் சர்வர் கொடுத்தாயிற்று. பிரிண்டர் வைஸுக்குப் போய்விட்டது. ஒரு பில்லுக்கு 11 வினாடி, மூன்றாவது காப்பி தெளிவாக வருகிறது. சார் சொன்ன அந்தச் சத்த வித்தியாசத்தை இரண்டு முறையும் நின்று கேட்டேன்.

முதலாளிக்கு விபிஎன் வைத்துக்கொடுத்தேன். முன்பைவிட ஒரு படி கூடுதலாக இருக்கிறதே என்று கேட்டார். 4625 லாகை அச்செடுத்து மேசையில் வைத்தேன். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "சரி, இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

எம்பெடட் மூன்றில் ஒன்றில் டெபியன் ஏற்றிவிட்டேன். ஃப்ரீஆர்டிபி ஓடுகிறது, ஆனால் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. மற்ற இரண்டையும் சனிக்கிழமை செய்யலாம் என்றிருக்கிறேன்.

---

கிண்டி கிளையண்ட் (வியாழன், இரவு 8.50)

ஃப்ரீஆர்டிபியைக் கூப்பிடும் கட்டளையில் சவுண்ட் என்ற ஸ்விட்சைச் சேர்த்தீர்களா? சேர்த்தும் வரவில்லையென்றால் முதலில் டெபியனிலேயே சத்தம் வருகிறதா என்று தனியாக ஒரு ஃபைலை ஓட்டிப் பாருங்கள். பழைய பெட்டிகளில் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல் மானிட்டர் கேபிள் வழியாகப் போய்விடும். சனிக்கிழமை மதியம் வரை வீட்டில்தான் இருப்பேன், முடியாவிட்டால் இங்கே எழுதுங்கள்.